பளபளப்பின் அடியில்

சென்ற மார்கழியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நண்பர்கள் சிலர் கூடினோம். மாதம் ஒருமுறை நடக்கும் வாசிப்புக் கூட்டம் அது. அன்று எடுத்துக்கொண்ட பொருள் அணியிலக்கணம். பேச்சு தண்டியலங்காரத்தில் தொடங்கி இன்றைய கவிதையில் வந்து நின்றபோது, மூத்த நண்பர் ஒருவர், சொல்வதற்கு ஏதுமில்லாதவர்கள் விரிசல் விட்ட சுவருக்கு அடிக்கும் வெள்ளையே அலங்காரம் என்று முடித்துவைத்தார். எவரும் மறுக்கவில்லை. கணவன் மனைவி இருவருமே தமிழாசிரியர்களாகிய நாங்களும், இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் ஏறத்தாழ இதையே சொல்லிவருபவர்கள் என்பதால் தலையசைத்தோம்.

கூட்டம் முடிந்ததும் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தோம். ஒரு வாய்க்கு ஒன்று என்னும் அளவில், வெண்மையும் இளஞ்சிவப்புமாய்ப் பளபளத்த சின்னஞ்சிறு கேக்குகள் அறுபத்து நான்கு. ஒவ்வொன்றின் தலையிலும் சாக்லேட்டால் இழுத்த ஒரு மெல்லிய கொடி. பிரெஞ்சுக்காரர்கள் பெத்தி ஃபூர் என்று அழைக்கும் பண்டம். நண்பர் ஒன்றை வாயிலிட்டுக்கொண்டு, செய்ய எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டார். மூன்று நாள் என்றோம். “இத்தனூண்டு கேக்குக்கு மூணு நாளா? கடையில வாங்கியிருக்கலாமே சார்!” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் அன்று சொன்ன இரண்டு கருத்துகளும் உண்மையில் ஒன்றே என்பது, எல்லோரும் போனபின் தட்டுகளைக் கழுவும்போதுதான் எங்களுக்குப் பிடிபட்டது. அந்த ஒரு கருத்தோடுதான் இக்கட்டுரை வழக்காடுகிறது.

பெத்தி ஃபூர் என்னும் தொடருக்குச் ‘சிறிய அடுப்பு’ என்பது நேர்ப்பொருள். பழைய செங்கல் அடுப்புகளில் பெரிய பண்டங்கள் வெந்து முடிந்த பின்னரும் சூடு உடனே அடங்குவதில்லை. தணிந்துகொண்டிருக்கும் அந்த மிச்சச் சூட்டில் சிறிய பண்டங்களை வேகவைத்த வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்வர். இன்று விருந்து மேசைகளில் ஆடம்பரத்தின் அடையாளமாக வீற்றிருக்கும் பண்டத்தின் பெயரில், வீணாகும் வெப்பத்தை விட்டுவிட மனமில்லாத ஒரு சிக்கனம் ஒளிந்திருக்கிறது. இதில் மேற்பூச்சு இல்லாத உலர்ந்த வகை உண்டு. உப்பு வகையும் உண்டு. சர்க்கரைப் பூச்சு பெற்ற வகைக்குக் கிளாசே என்று பெயர். நாங்கள் செய்ய முனைந்தது அதைத்தான்.

அதன் கட்டுமானம் எளியது போலத் தோன்றும். பாதாம் மாவும் முட்டையும் சேர்த்து மெல்லிய ஸ்பாஞ்ச் கேக் மூன்று தகடுகள் சுட வேண்டும். அவற்றை ஆப்ரிகாட் ஜாம் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உச்சியில் பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிசைந்த மார்சிப்பனை மெல்லிய போர்வையாகத் தேய்த்து ஒட்ட வேண்டும். பாதாம் விற்கும் விலையில் மார்சிப்பனுக்கு மட்டும் முந்திரியைப் பயன்படுத்தினோம். மும்பையில் ஈஸ்டருக்குச் செய்யும் மார்சிப்பனும் பெரும்பாலும் முந்திரியே என்பதால் இதில் எங்களுக்குக் குற்றவுணர்வு இல்லை. அடுக்கியதன்மேல் ஒரு பலகையும், பலகையின்மேல் பாரமும் வைத்து ஓர் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் விட வேண்டும். நாங்கள் வைத்த பாரம் தமிழ்ப் பேரகராதியின் இரண்டு தொகுதிகள். அவ்விரவு அவை சரியாகவே பயன்பட்டன. மறுநாள் ஓரங்களைச் சீவி எறிந்துவிட்டு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் இரண்டரை செ.மீ. சதுரங்களாக வெட்ட வேண்டும். எறிந்துவிட்டு என்றது பேச்சுக்குத்தான். ஓரங்களை எங்கள் மகள் எறிய விடவில்லை.

முதல் முயற்சி தீபாவளி விடுமுறையில். அடுக்குகளை அழுத்தி வைக்கும் படியை விட்டுவிட்டோம். ஜாம் ஒரு பக்கம் தடித்திருந்தது. வெட்டிய இடங்களில் துகள் உதிர்ந்திருந்தது. எல்லாவற்றையும் மேலே ஊற்றும் சர்க்கரைப் பூச்சு மூடிவிடும் என்று நம்பினோம். பூச்சு எதையும் மூடவில்லை. இளஞ்சூட்டில் வழிந்து இறங்கும் அந்த நீர்மம் கேக்கின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே படியெடுத்தது. உதிர்ந்த துகள் ஒவ்வொன்றும் பூச்சுக்கு அடியில் கொப்புளமாய் நின்றது. பூச்சுக்கு முன்பு சுமாராகவேனும் தோன்றிய கேக், பூச்சுக்குப் பின் தன் குறைகளையெல்லாம் ஒளிபட நிறுத்திக் காட்டியது. பளபளப்புக்கு அதுவே இயல்பு என்பதை அன்று கண்ணால் கண்டோம். மங்கலான பரப்பில் மறையும் கோணல், மின்னும் பரப்பில் மறைவதில்லை.

அந்தப் பூச்சுக்கு ஃபாண்டன்ட் என்று பெயர். ஒரு கிலோ சர்க்கரை, 300 மி.லி. தண்ணீர், 150 கிராம் குளுக்கோஸ் பாகு, இவ்வளவே பொருள். கொதிக்கவைத்து 115 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்க வேண்டும். வெப்பமானி வைத்துக்கொண்டு நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுக்களைக்கு வந்த அம்மா ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, “அதிரசப் பதம்தான், இறக்குங்க” என்றார். வெப்பமானியும் அதையே சொன்னது. பதம் என்னும் சொல்லுக்குச் சமையலில் ஒரு பொருளும் இலக்கணத்தில் ஒரு பொருளும் உண்டு என்று வகுப்பில் நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இரண்டும் ஒரே விரல்நுனியில் இருப்பதை அன்று பார்த்தோம்.

இறக்கிய பாகைத் தொடக் கூடாது. ஏறத்தாழ 50 டிகிரிக்கு ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும். சூடாக இருக்கும்போதே கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகங்களாகத் திரண்டு நாவில் மணல்போல் நெருடும். ஆறிய பிறகு விடாமல் கிளறினால், ஒரே சமயத்தில் எண்ணற்ற நுண்படிகங்கள் தோன்றுகின்றன. கண்ணாடிபோல் தெளிந்திருந்த பாகு கலங்கி, பிறகு பால்போல் வெளுக்கிறது. அதில் நிறமி ஏதுமில்லை. நுண்படிகங்களில் பட்டுச் சிதறும் ஒளியே அந்த வெண்மை. கல்மேடையில் மரக்கரண்டியால் கிளறக் கால் மணி நேரமாவது ஆகும். இருவரும் மாறி மாறிக் கிளறினோம். தோள்பட்டை மறுநாளும் வலித்தது. ஒரு நாள் மூடிவைத்து, பின் 38 முதல் 40 டிகிரி வரை மட்டும் சூடாக்கி ஊற்ற வேண்டும். சூடு மிகுந்தால் நுண்படிகங்கள் கரைந்து, ஆறும்போது பெரிதாகத் திரள்கின்றன. பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. கெட்டியாக இருந்தால் சூட்டைக் கூட்டாமல் சிறிது சர்க்கரைத் தண்ணீர் சேர்ப்பதே வழி. பொடித்த சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து ஊற்றும் குறுக்குவழியும் உண்டு. கடையில் கிடைக்கும் அந்தப் பொடியில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருப்பதால், பூச்சு மங்கலாகவும் மாவு ருசியோடும் வரும்.

இவ்வளவையும் விரித்துச் சொல்வது செய்முறை கற்பிப்பதற்கன்று. அலங்காரம் கடைசியில் வருவது என்பதாலேயே அது மேலோட்டமானது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். செய்து பார்த்தால் தெரிவது வேறு. கடைசியில் வரும் அந்தப் பூச்சில்தான் அதற்கு முன் செய்த வேலைகள் அத்தனையும் தேர்வுக்கு உட்படுகின்றன. அடுக்கு சமமாக அமைந்ததா, பாரம் வைத்தோமா, கத்தியைத் துடைத்தோமா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. உள்ளே ஒன்றுமில்லாதவன் வெளியே பூசிக்கொள்வான் என்பது, பூசிப் பார்க்காதவர்கள் சொல்லும் வாக்கியம் என்றே இப்போது தோன்றுகிறது.

இதே வாக்கியத்தை நாங்கள் ஒரு மாணவரிடம் சொல்லியிருக்கிறோம். பத்து ஆண்டுகளுக்கு முன், மடக்கணியில் வெண்பாக்கள் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே சொல் இடந்தோறும் வேறு பொருளில் மடங்கி வரும் கடினமான வடிவம் அது. நாங்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “அலங்காரத்தை விடப்பா, மனசில் உள்ளதைச் சொல்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த வடிவத்தில் சீரும் தளையும் பிறழாமல் நிற்க எத்தனை இரவுகள் ஆகியிருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கே பிறழ்ந்தது என்றும் காட்டவில்லை. அவர் மறுபடி நோட்டுப் புத்தகம் எதையும் கொண்டுவரவில்லை. அந்தப் பாக்கள் நல்லவையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. படிக்கவில்லை என்பதுதான் குற்றம்.

இழைப்பு வேலையை அற்பமாகக் கருதுபவருக்கு அதில் கரைந்த உடல்கள் கண்ணில் படுவதில்லை. பிரெஞ்சு இனிப்புக் கலையின் பெரும்பெயர் மரி அந்துவான் கரேம். வறிய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பிழைப்பைத் தேடிக்கொள்ளும்படி தெருவில் விடப்பட்டவர். பாரிஸ் நூலகத்தில் கட்டடக் கலைப் படங்களைப் பார்த்து வரைந்து, அவற்றைச் சர்க்கரையிலும் மாவிலும் எழுப்பினார். 1815இல் அவற்றை நூல்களாகவும் வெளியிட்டார். ஐம்பது வயதை எட்டுமுன் 1833இல் இறந்தார். காற்றோட்டமற்ற சமையலறைகளின் கரியடுப்புப் புகையே அவர் உடலைக் கெடுத்தது என்று அவரைப் பற்றி எழுதியோர் பலர் கருதுகின்றனர்.

வெள்ளைச் சர்க்கரைக்கு அடியில் இன்னும் நீண்ட வரிசை நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் இனிப்புக்குப் பெரும்பங்கு சர்க்கரை தந்தது இன்று ஹைட்டி எனப்படும் நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினர், 1791இல் கிளர்ந்தெழுந்தனர், 1804இல் விடுதலை பெற்ற நாடாயினர். எஞ்சிய பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் அத்தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேறினர். ஆங்கிலேயர் வசமிருந்த ஃபிஜித் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாரதியார் பாடினார். பெத்தி ஃபூர் நமக்கு அந்நியம் என்று சொல்லும் நண்பர்கள், அந்தப் பூச்சின் கணக்கில் நம் ஊர்க்காரர்களும் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

மறுப்புகள் இல்லாமலில்லை. வீட்டில் செய்வது என்றால் யார் செய்வது என்பது முதல் கேள்வி. விழாக்கால அடுக்களை வேலை பெண்களின் தலையில் விழுவதே நம் வழக்கம். ‘கைவேலை’ என்னும் புகழ்ச்சியும் பலசமயம் அதற்கான ஏற்பாடே. எங்கள் வீட்டில் பாகு கிளறியதும் கேக் வெட்டியதும் இருவருமே. ஆனால் பட்டியலை மனத்தில் வைத்திருந்தவர் ஒருவர்தான் என்பதை மற்றவர் இங்கே ஒப்புக்கொள்கிறார். கடலோர ஊரில் இது நீடித்து நிற்காது என்பது இரண்டாவது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால் காற்றின் ஈரம் படிந்து பூச்சு வியர்க்கிறது. செய்த நாளிலேயே தீர்த்துவிட வேண்டும். இனிப்பு மிகுதி என்பது மூன்றாவது. மிகுதிதான். ஒன்றுக்குமேல் உண்ண முடியாதபடி அதன் அளவை வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

கடையில் வாங்குவதை நாங்கள் குறை சொல்லவில்லை. வாழ்நாளில் ஒருமுறையேனும் தாமே செய்து பார்த்தவர் கடைக் கண்ணாடிக்கு முன் நிற்கும் விதம் மாறிவிடும். ஓரம் பிசகாத ஒரு சிறு சதுரத்தைக் கண்டால், பின்கட்டில் நின்றுகொண்டு அதை வெட்டியவரின் கை அவருக்குத் தெரியும். கவிதை படிக்கவும் அந்தப் பார்வை வேண்டும் என்று நினைக்கிறோம். பொருளற்ற அலங்காரம் உலகில் இல்லையென்று வாதிடவில்லை. ஏராளமாக உண்டு. அதை இனங்காண்பதற்கும் இழைப்பின் வேலை தெரிந்த கண்தான் தேவைப்படுகிறது. இரண்டு பக்கம் புரட்டித் திருப்பிக் கொடுக்கும் கண் போதாது.

அடுத்த கூட்டத்திற்கு அந்த மாணவரை அழைத்திருக்கிறோம். இப்போது வேறு ஊரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டபோது சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “தேடிப் பார்க்கணும் ஐயா” என்றார். கிடைத்தால் கடைசிப் பக்கம்வரை படிப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.