13 அணிகளில் 11-வது இடம்... ஆனாலும் விடாத ரசிகர்கள்! சென்னையின் எஃப்சி ரசிகர்களின் உண்மையான பயம் என்ன?

கடந்த சீசனில் 13 அணிகளில் 11-வது இடம். அதன்பிறகு பல மாதங்களாக லீக் போட்டியே இல்லை. இப்போது ஒருவழியாக 2026 பிப்ரவரி 14-ம் தேதி ஐஎஸ்எல் கால்பந்து தொடர் தொடங்கும் என அறிவிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் ஒரே ஐஎஸ்எல் அணியான சென்னையின் எஃப்சி-யின் ரசிகர்கள் மறுபடியும் நீல ஜெர்சியை எடுக்கத் தயாராகிறார்கள்.

"இந்த டீமைப் போய் ஏன்டா பார்க்குறே?" என்ற கேள்வியை இவர்களில் பலரும் கேட்டிருப்பார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னைக்காரருக்கே இந்தக் கேள்வி என்றால், 650 கிலோமீட்டர் தள்ளி, தென்காசியிலோ குற்றாலத்திலோ உட்கார்ந்துகொண்டு செல்போனில் மேட்ச் பார்ப்பவரின் நிலைமை?

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை ரசிகர்கள் ஏன் விடுவதில்லை? அவர்களை உண்மையில் பயமுறுத்துவது எது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏறி இறங்கிய 11 சீசன்கள்

சென்னையின் எஃப்சி 2014-ல் தொடங்கப்பட்டது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையாளர்கள். முதல் கோச், 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் ஆடிய மார்கோ மட்டராசி.

2015 சீசனை இன்றும் மறக்காத ரசிகர்கள் உண்டு. பாதித் தொடரில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, தொடர் வெற்றிகளால் அரையிறுதிக்குள் நுழைந்தது. அப்போதுதான் சென்னையில் பெருவெள்ளம். ஹோம் மேட்ச்சாக ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. இறுதிப்போட்டியில் கோவாவிடம், அவர்கள் ஊரிலேயே, 87-வது நிமிடத்தில் 1-2 என பின்தங்கியது சென்னை. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 3-2. கோப்பை சென்னைக்கு!

2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மண்ணில் 3-2 என வீழ்த்தி இரண்டாவது கோப்பை. ஆனால் அடுத்த சீசனிலேயே நடப்பு சாம்பியன் கடைசி இடம். 18 போட்டிகளில் வெறும் 2 வெற்றி, மொத்தம் 9 புள்ளி. அதற்கடுத்த சீசனில், நடுவில் பொறுப்பேற்ற கோச் ஓவன் கோய்ல், கீழே கிடந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14, கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத மைதானம், கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 தோல்வி.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. 2020-21-ல் 8-வது இடம். 2021-22-ல் 8. 2022-23-லும் அதே 8. 2023-24-ல் கோய்ல் திரும்பி வந்து 6-வது இடம், பிளே-ஆஃப் முதல் போட்டியிலேயே வெளியே. 2024-25-ல் 11.

மொத்தக் கணக்கு: 11 சீசன், 2 கோப்பை, ஒரு முறை ரன்னர்-அப். இதில் கடைசி ஐந்து சீசன்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

2025-ல் என்ன நடந்தது?

இங்கேதான் கதை புள்ளிப்பட்டியலைத் தாண்டிப் போகிறது.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-ல் ரிலையன்ஸ் தரப்புடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஐஎஸ்எல் தொடர் நடந்ததே அந்த ஒப்பந்தத்தின் மேல்தான். அது 2025 டிசம்பர் 8-ம் தேதியுடன் முடிவுக்கு வர இருந்தது. புதுப்பிக்கும் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போக, தொடரை நடத்தும் நிறுவனம் 2025 ஜூலையில் "சீசன் நிறுத்திவைப்பு" என கிளப்களுக்குச் சொல்லிவிட்டது.

விளைவு உடனே தெரிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்சி தனது முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சி-யும் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. கோய்லும் விடைபெற்றார். அக்டோபரில் நடந்த சூப்பர் கோப்பைக்கு புதிய கோச் கிளிஃபோர்ட் மிராண்டா தலைமையில், வெளிநாட்டு வீரர்களே இல்லாமல், இந்திய வீரர்களை மட்டும் வைத்து அணி களமிறங்கியது. குரூப் சுற்றோடு வெளியேறியது.

நவம்பரில் தொடரின் வணிக உரிமைக்கு டெண்டர் விட்டால், ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 2026 ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள், இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றுங்கள் என ஃபிஃபாவிடமே வீடியோவில் முறையிட்டார்கள். சில நாட்களில், ஜனவரி 6-ம் தேதி, 14 அணிகளுடன் தொடர் நடக்கும் என மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார்.

தென்காசியில் இருந்து பார்த்தால்...

தென்காசி மாவட்டம் கேரள எல்லையில் இருக்கிறது. புளியரை தாண்டினால் கேரளா. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. இங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 100 கி.மீ. கொச்சி, சென்னைக்கான தூரத்தில் பாதிகூட இல்லை. கால்பந்து என்றால் ஊரே திரளும் ஒரு மாநிலம் மலைக்கு அந்தப் பக்கம். "நம்ம டீம்" என்று சொல்லிக்கொள்ளும் அணியோ ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில்.

அந்த ரயில் கணக்கையும் பாருங்கள். ஐஎஸ்எல் போட்டிகள் வழக்கமாக இரவு 7.30 மணிக்குத் தொடங்கும். முடிய ஒன்பதரை ஆகிவிடும். பொதிகை எக்ஸ்பிரஸ் அதற்கு முன்பே எழும்பூரிலிருந்து கிளம்பிவிடும். அதாவது, தென்காசி ரசிகர் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மேட்ச்சை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால், ஒன்று பஸ்ஸைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் சென்னையில் தங்கி மறுநாள் ரயிலைப் பிடிக்க வேண்டும். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, நடுவில் ரூம் வாடகை. இவ்வளவும் செலவழித்துப் போனால் 0-1 தோல்வி!

அதனால்தான் தென் மாவட்டங்களில் இந்த அணியின் ரசிகர் என்றால் பெரும்பாலும் செல்போன் ரசிகர். மைதானத்தில் கொடி பிடிக்கும் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' போன்ற ரசிகர் குழுக்களின் சத்தத்தைக் கேட்டபடி, தனியாக உட்கார்ந்து பார்ப்பவர்.

'நாம ஜெயிச்சோம்'... 'அவனுங்க தோத்துட்டானுங்க'

தோற்கும் அணியை விட்டுவிடுவதுதான் இயல்பு என்று சொல்லும் ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவரது குழுவினரும் 1976-ல் வெளியிட்டது. பல்கலைக்கழக அணி ஜெயித்த வாரத்தின் திங்கட்கிழமைகளில், கல்லூரிப் பெயர் போட்ட உடையை மாணவர்கள் அதிகமாக அணிந்து வந்தார்கள். ஜெயித்த போட்டியைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள்' என்றவர்கள், தோற்ற போட்டிக்கு வந்ததும் 'அவர்கள்' என்று விலகினார்கள்.

நம்மூர் டீக்கடையிலும் இதையே கேட்கலாம். ஜெயித்தால் "நாம ஜெயிச்சிட்டோம்". தோற்றால் "அவனுங்க சொதப்பிட்டானுங்க".

ஆனால் தீவிர ரசிகரை அடையாளம் காட்டுவதும் இந்த இடம்தான். அவர் தோற்ற அன்றும் "நாம தோத்துட்டோம்" என்றுதான் சொல்வார். திட்டுவார், டிவியை அணைப்பார், "இனிமே பார்க்கவே மாட்டேன்" என்பார். அடுத்த மேட்ச்சுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார். அவருக்கு அணி என்பது லாப நஷ்டம் பார்த்து மாற்றும் கடை இல்லை. சொந்தக்காரர் மாதிரி. சொந்தக்காரர் தேர்வில் ஃபெயில் ஆனார் என்பதற்காக உறவை முறிப்போமா?

ஜெயித்தால் கூட்டம் வருமா?

"நல்லா ஆடினா ரசிகர்கள் தானா வருவாங்க" என்பது பொதுவான வாதம். இந்தியக் கால்பந்து இதை முழுசாக நிரூபிக்கவில்லை. மூன்று உதாரணங்கள்:

கேரளா பிளாஸ்டர்ஸ்: 2014, 2016, 2021-22 என மூன்று முறை இறுதிப்போட்டிக்குப் போய் மூன்றிலும் தோல்வி. 11 சீசன்களில் ஒரு ஐஎஸ்எல் கோப்பைகூட இல்லை. ஆனால் 'மஞ்ஞப்பட' ரசிகர் குழு, நாட்டின் மிகப் பெரிய கால்பந்து ரசிகர் கூட்டங்களில் ஒன்று.

ஹைதராபாத் எஃப்சி: 2022-ல் அதே பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வென்று சாம்பியன் ஆன அணி. இன்று அந்த அணி ஹைதராபாத்தில் இல்லை. 2025-ல் டெல்லிக்கு மாற்றப்பட்டு, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி எனப் பெயரும் மாறிவிட்டது.

சென்னை சிட்டி எஃப்சி: இதுதான் நமக்கு வலிக்கும் உதாரணம். கோயம்புத்தூரை ஹோம் மைதானமாகக் கொண்டு ஆடிய இந்த அணி, 2018-19 சீசனில் ஐ-லீக் சாம்பியன். தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று தேசிய லீக் சாம்பியன் ஆனது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. கோவை ரசிகர்கள் கோப்பையைப் பார்த்த மூன்றே ஆண்டுகளுக்குள் ஆதரிக்க அணி இல்லாமல் போனது.

ஆக, கோப்பை இல்லாமலும் ரசிகர்கள் இருக்கிறார்கள். கோப்பை வாங்கிய அணிகளோ காணாமல் போகின்றன.

தோல்வி வேறு, இல்லாமல் போவது வேறு

குற்றாலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அங்கே 'சீசன்' என்றாலே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல்தான். சில வருஷம் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றும். அருவியில் நூல் மாதிரி தண்ணீர் வரும். வியாபாரம் படுக்கும். ஆனாலும் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்ல முடிகிறது. ஏனென்றால் மலை அங்கேயேதான் இருக்கும்.

கால்பந்து ரசிகரும் இந்த "அடுத்த சீசன் பார்ப்போம்" என்ற ஒற்றை வரியில்தான் வாழ்கிறார். 11-வது இடத்தை அவரால் தாங்க முடியும். அடுத்த சீசனே நடக்குமா, அணி இருக்குமா என்று தெரியாமல் 2025-ல் கழித்த மாதங்கள்தான் தாங்க முடியாதவை.

சிஎஸ்கே ரசிகர்களுக்கும் இது தெரியும். 2016, 2017 என இரண்டு சீசன் தடை. அப்போதும் ரசிகர்கள் காத்திருந்தார்கள். 2018-ல் திரும்பி வந்து கோப்பை. 2025-ல் முதல் முறையாக சிஎஸ்கே பட்டியலில் கடைசி இடம் பிடித்தபோதும் யாரும் மஞ்சள் சட்டையைத் தூக்கி எறியவில்லை. வித்தியாசம் ஒன்றுதான். சிஎஸ்கே தடையில் இருந்தபோது, எந்த வருஷம் திரும்பி வரும் என்று தெரியும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் அணி 2017, 2018 என அடுத்தடுத்து கீழிறக்கப்பட்டு மூன்றாம் நிலை லீக்குக்குப் போனது. அங்கேயும் 2018-19 சீசனில் ஹோம் மேட்ச்களுக்கு சராசரியாக 30,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2025-ல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது.

லண்டனின் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்கு மாற்ற 2002-ல் அனுமதி கிடைத்தது. கொதித்த ரசிகர்கள், தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புது கிளப்பைத் தொடங்கினார்கள். அடிமட்ட லீக்கில் ஆரம்பித்து, 2011-ல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது அந்த அணி. ஜெர்மனியிலோ, சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

ஐஎஸ்எல் அணிகளில் ரசிகர்களுக்கு இப்படி ஒரு பிடி கிடையாது. அணியை மூடினாலும், ஊரை மாற்றினாலும், மறுநாள் செய்தியில்தான் தெரிந்துகொள்வார்கள்.

இந்த சீசனில் எதைக் கவனிக்க வேண்டும்?

இது சுருக்கப்பட்ட சீசன். 14 அணிகளும் ஒருவரோடு ஒருவர் ஒரு முறை மட்டுமே மோதும். மொத்தம் 91 போட்டிகள். ஒவ்வொரு அணிக்கும் 13 மேட்ச். கடந்த சீசனில் 24 ஆடினார்கள். 12 ஹோம் மேட்ச் பார்த்த சென்னை ரசிகர்களுக்கு இந்த முறை ஆறோ ஏழோதான். போட்டிகள் குறைவு என்பதால் தொடக்கத்தில் சறுக்கினால் எழுந்து வர நேரமும் குறைவு. தாமதமாகத் தயாரான அணிகளுக்கு இது கஷ்டம்தான்.

ஆனால் ரசிகர்கள் கவனிக்க வேண்டியது புள்ளிப்பட்டியலை மட்டும் இல்லை. மூன்று கேள்விகள் முக்கியம்: இந்த சீசனுக்குப் பிறகு தொடரை நடத்தப் போவது யார், எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில்? கிளப்களின் வருமானத்துக்கு நிரந்தர வழி கிடைக்குமா? 2026-27 சீசனின் தேதி முன்கூட்டியே வருமா?

தென்காசி ரசிகர் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பொதிகையில் ரெண்டு மாசம் முன்னாடியே டிக்கெட் போட வேண்டும். அதற்கு மேட்ச் தேதி தெரிய வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம்.