பழைய காருக்கு ஏன் புதுப் பெயின்ற்?

யாழ்ப்பாணத்தில் இப்ப கலியாண வீடெண்டால் வாசலில ஒரு பழைய கார் நிக்கவேணும். ஒஸ்ரின் ஏ போட்டி, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஏதோ ஒண்டு. படத்துக்கு வடிவுதான், மறுக்கேல்லை. ஆனால் கிட்டப் போய்ப் பாருங்கோ. கன கார்களில் பழசு எண்டு மிஞ்சியிருப்பது உருவம் மட்டும்தான். மேலே இருப்பது போன வருஷம் அடிச்ச சிவப்பு. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளிய வந்த நாளில்கூட அப்பிடி மினுங்கியிராது.

என்ர நிலைப்பாடு இதுதான்: தகட்டைக் கறள் தின்னாத வரைக்கும் பழைய பெயின்றில் கை வைக்கக்கூடாது. மங்கிப்போனது செத்துப்போனது இல்லை.

1950, 60களில் வந்த கார்களின் பெயின்றுக்கு மேலே இந்தக் காலத்துக் கார்கள் மாதிரி "கிளியர் கோட்" கிடையாது. நிறமே மேற்பரப்பு. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு நிறத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற பசைப்பகுதி உடைய, நிறத்தூள் மேலே சுண்ணாம்பு மாதிரிப் பூத்து நிக்கும். விரலால் தடவினால் கையில ஒட்டும். இதைப் பார்த்திட்டுத்தான் "பெயின்ற் போட்டுது, சுரண்டி அடிப்பம்" எண்டு முடிவெடுக்கிறார்கள். உண்மையில் போனது மெல்லிய மேற்படை மட்டும். அதுக்குக் கீழே அந்தக் காரின் முதல் நிறம் அப்படியே கிடக்கு.

அதை வெளிய கொண்டுவரப் பொறுமை வேணும், பெரிய காசு வேண்டாம். முதலில் கதவின் உட்பக்கம் மாதிரி மறைவான இடத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் தொட்டுத் தேயுங்கோ. துணியில் காரின் நிறம் வந்தால் மேலே கிளியர் கோட் இல்லை. உடனே கட்டிங் கொம்பவுண்டைத் தூக்காதேங்கோ. காய்ஞ்ச பெயின்றுக்கு முதலில் எண்ணெய்ப்பிடிப்பு வேணும். எண்ணெய்த்தன்மை கூடின பொலிஷைத் தாராளமாகத் தேய்ச்சு ஒரு இரவு விட்டால் அது ஊறும். அதுக்குப் பிறகுதான் மென்மையான பொலிஷ், அதுவும் கையால். மெஷின் பிடிக்கிற கராஜ்காரர் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் ஒரு நிமிஷம் கூட நிண்டால் பெயின்ற் தேய்ஞ்சு தகடு தெரியும். அந்த இடங்களுக்கு ரேப் ஒட்டச் சொல்லுங்கோ. முழுப் பெயின்றின் தடிப்பே மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு தேய்ப்பும் அதில இருந்துதான் எடுக்குது.

கடைசியாக மெழுகு. கார்களுக்குப் பூசுகிற கார்னௌபா மெழுகு பிரேசிலில் வளர்கிற ஒரு பனைச்சாதியின் ஓலையில இருந்து எடுக்கிறது. எங்கட பனைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் இங்க ஒருத்தரும் அந்த உறவைக் கொண்டாடிறதில்லை. எங்கட வெயிலுக்கு அது கனநாள் நிக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருக்கா பூசவேண்டி வரும்.

கழுவிறதிலதான் பெரிய அநியாயம் நடக்குது. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது. கேத்தில் அடியில படிகிற அதே வெள்ளை, வெயிலுக்க நிப்பாட்டிக் கழுவின காரிலும் பொட்டுப் பொட்டாகப் படியும். நிழலில் கழுவி உடனே துடைக்கவேணும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தால் கடைசி வாளிக்கு அது நல்லம். உடுப்புத் தோய்க்கிற பவுடர் போட்டால் பூசின மெழுகும் சேர்ந்து போயிடும். மினுங்கட்டும் எண்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறவர்களும் இருக்கினம். மினுங்கும், பின்னேரத்துக்குள்ள ஒழுங்கைப் புழுதி முழுக்க அதில ஒட்டியிருக்கும்.

"உனக்கென்ன, படிக்கிற பிள்ளை, வாடகைக்கு விடுறவனுக்கு மங்கின கார் சோறு போடுமோ?" எண்டு கேப்பீங்கள். நியாயமான கேள்வி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதுக்குப் பிறகு பழைய காருக்கும் விலை ஏறிச்சு, புதுப் பெயின்ற் அடிச்சால் இன்னும் ஏறும் எண்ட எண்ணமும் சேர்ந்து வந்தது. ஆனால் அந்தப் புதுப் பெயின்றுக்கு அடியில என்ன இருக்கெண்டு வாங்கிறவருக்குத் தெரியாது. கறளுக்கு மேல பட்டி, பட்டிக்கு மேல பெயின்ற். இரண்டு மாரி போகக் கொப்பளிக்கும். ஒரு சின்னக் காந்தத்தைப் பொக்கற்றில் கொண்டு போங்கோ. பட்டி தடிப்பாக இருக்கிற இடத்தில அது ஒட்டாது.

காசை விடுவம். சுரண்டிறவர் யார்? பழைய பெயின்றில் ஈயம் இருந்திருக்கும். அதைக் காய்ஞ்சபடி மண்கடதாசியால் தேய்க்க வாற தூள், முகத்தில துவாய் கட்டின ஒரு பெடியனின் நெஞ்சுக்குள்ள போகுது. பிறகு அடிக்கிற ரூ-பக் பெயின்றின் ஹாட்னரில் இருக்கிற ஐசோசயனேற் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. அதுக்குச் சாதாரண முகக்கவசமே காணாது, வெளிக்காற்றைக் குழாயால் குடுக்கிற கவசம் வேணும். நான் போய்ப் பார்த்த தகரக் கொட்டில்களில் ஒண்டிலும் அதைக் காணேல்லை.

நான் வரலாறு படிக்கிறவள், அதால இன்னொரு ஆத்திரமும் இருக்கு. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் கோயில் சுவரில் இனாமல் பூசி, அதுக்கு முதல் என்ன இருந்ததெண்டே தெரியாமல் ஆக்கிறதும் இதே புத்திதான். தகட்டைத் திரும்பச் செய்யலாம். மொரிஸ் மைனருக்கான தகடுகளை 1990களில் இந்த நாட்டிலேயே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். முதல் பெயின்றைத் திரும்பச் செய்ய ஏலாது. பெற்றோல் வராத காலத்தில மண்ணெண்ணெயில் ஓடி ஆஸ்பத்திரிக்கு ஆக்களைக் கொண்டுபோன கார்கள் இவை. கதவோரத்துக் கீறலுக்கும் ஒரு கதை இருக்கும்.

எங்கட பெரியப்பாவின்ர மைனரில் இடது பக்க மட்காட் அடியில கறள் கொப்பளிச்சிருக்கு. அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகடு வைச்சு அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ற் அடிக்க நானும் ஓம். மிச்சத்தைத் தொட வேண்டாம் எண்டு கேட்டிருக்கிறன். "நிறம் பொருந்தாதே பிள்ளை" எண்டுறார். பொருந்தாமல் இருக்கட்டும் பெரியப்பா.