யார் பணத்தை யார் தூக்கிக் கொடுத்தது?

சம்பள நாளன்று கைக்கு வரும் சீட்டைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! பிராவிடண்ட் ஃபண்டுக்கு ஒரு பிடித்தம். கூட்டுறவு சங்கக் கடனுக்கு ஒரு பிடித்தம். அதன் கீழே பல தோழர்களின் சீட்டில் இன்னொரு வரி இருக்கும்: இன்ஷூரன்ஸ் பிரிமியம். தான் கண்ணை மூடினால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்று, அரை வயிற்றைக் கட்டி மாதா மாதம் கட்டும் பணம் அது.

“எங்களுக்கு ஏது பாலிசி? நாங்கள் வயலில் இறங்கி அன்றாடம் கூலி வாங்குகிறவர்கள்” என்று விவசாயத் தொழிலாளர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் லைஃப் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனில் சேரும் பணத்திலிருந்துதான் மின்சார வாரியங்களுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் வீட்டு வசதிக்கும் கடன் போகிறது. அந்தப் பணம் ஒரு சூதாடியின் பைக்குப் போனால் உங்கள் தெருக் குழாய்க்கு அந்த அளவு குறையும். ஆகவே இது உங்கள் கணக்கும்தான்.

இந்தப் பணத்தில் சர்க்கார் அனுமதியோடு பகற்கொள்ளை ஒருமுறை நடந்தது. அதைப் பிடித்தும் காட்டினார்கள். எப்படிப் பிடித்தார்கள் என்பதை இன்றைய தொழிலாளி தெரிந்து கொள்வது நல்லது. ஏனென்றால் இப்போது அப்படிப் பிடிப்பதில்லை.

முதலில், இன்ஷூரன்ஸ் ஏன் ஜனங்கள் சொத்தாயிற்று? தனியார் கையில் இருந்தபோது அது கொள்ளைக் காடாக இருந்தது. பெருமுதலாளி ராமகிருஷ்ண டால்மியா பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவர். பங்குச் சூதாட்டத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, கம்பெனியில் பாலிசிதாரர் கட்டிய பணம் 2 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிடப்பட்டது. 1955 டிசம்பரில் பார்லிமெண்டில் இதை அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. அவர் காங்கிரஸ்காரர். பிரதமர் நேருவின் மருமகன். டால்மியாவின் தண்டனையை 1962-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அதற்குள் 1956 ஜனவரியில் சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி.யை உண்டாக்கியது. சர்க்கார் போட்ட மூலதனம் 5 கோடி. மற்றதெல்லாம் ஊரார் பணம்.

பூட்டு புதிதாகப் போட்டாயிற்று. சாவி யார் கையில்? ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1957 ஜூன் மாதம் அந்தச் சாவி வேலை செய்தது.

கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்று ஒருவர். மின்சார பல்பு விற்பனையில் தொடங்கியவர். உழைத்து முன்னேறியவர் என்று பத்திரிகைகள் எழுதும் ரகம்! உழைத்தது யார் என்பதைப் பிறகு பார்ப்போம். ஒரு கம்பெனியின் ஷேரை அடமானம் வைத்துக் கடன் வாங்குவார். அந்தக் கடனில் இன்னொரு கம்பெனியைப் பிடிப்பார். பிடித்த கம்பெனியின் கஜானாவைத் துடைத்து மூன்றாவதற்குப் பாய்வார். போலிப் பத்திரங்கள் புழங்கின என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கிராமத்திலே ஒரே மாட்டை இரண்டு லேவாதேவிக்காரனிடம் அடமானம் வைத்தால் அவனைக் கட்டி வைத்து அடிப்பார்கள். இதையே கோடிக் கணக்கில் செய்தால் அவன் ‘தொழிலதிபர்’.

1957-ல் கல்கத்தா சந்தை சரிந்தது. முந்த்ராவின் சீட்டுக்கட்டும் சரியத் தொடங்கியது. அவர் எங்கே ஓடினார்? டில்லியின் நிதி இலாகாவுக்கு ஓடினார். பிரதம நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேல். நிதி மந்திரி சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சில நாட்களுக்குள் காரியம் முடிந்தது. ரிச்சர்ட்சன் குரூடாஸ், ஜெஸ்ஸப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகிய ஆறு கம்பெனிகளில் முந்த்ராவின் ஷேர்களை எல்.ஐ.சி. வாங்கியது. கொடுத்த தொகை ஏறத்தாழ 1¼ கோடி ரூபாய்.

அந்தக் காலத்தில் ஒரு விவசாயக் கூலி நாள் முழுவதும் சேற்றில் நின்றால் ஒரு ரூபாய் கிடைப்பதே பெரிது. வருஷத்தில் 300 நாள் வேலை கிடைத்தது என்றே வைத்துக் கொள்ளுங்கள் (எங்கே கிடைத்தது!). 40,000-க்கு மேற்பட்ட கூலிகள் ஒரு வருஷம் முழுக்க வாங்கியிருக்கக் கூடிய கூலியை ஒரே மனிதருக்கு ஒரே வாரத்தில் தூக்கிக் கொடுத்தார்கள்.

எல்.ஐ.சி.க்கு முதலீட்டுக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. எதில் பணம் போடலாம் என்று யோசனை சொல்வதுதான் அதற்கு வேலை. அந்தக் கமிட்டியைக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தகவல் சொன்னார்கள். சந்தை விலைக்கு மேலே கொடுத்தும் வாங்கினார்கள். முந்த்ராவின் யோக்கியதை அதிகாரிகளுக்குத் தெரியாதா? பம்பாய், கல்கத்தா ஷேர் பஜார்களில் சின்னத் தரகனுக்கும் தெரிந்த விஷயம் அது!

1957 டிசம்பர் 16-ந் தேதி பெரோஸ் காந்தி மறுபடி எழுந்தார். எந்தத் தேதியில் எந்த ஷேர் என்ன விலை, எல்.ஐ.சி. கொடுத்தது என்ன விலை என்று கணக்கோடு பேசினார். ஆளுங்கட்சி உறுப்பினர் தன் கட்சி மந்திரியை, தன் மாமனாரின் மந்திரிசபையை, சபை நடுவே கேள்வி கேட்டார். அவருக்கும் நமக்கும் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். அன்று அவர் செய்தது ஜனங்களின் வேலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்லிமெண்டில் பேசியதை உள்ளபடி அச்சிட்டால் பத்திரிகை மீது வழக்குப் போடக் கூடாது என்ற சட்டமும் அவர் கொண்டுவந்து 1956-ல் நிறைவேறியதுதான். அது இல்லாவிட்டால் அந்தப் பேச்சு சபையின் நான்கு சுவருக்குள்ளேயே புதைந்திருக்கும். அந்தச் சட்டத்தை 1976-ல், அவசர நிலைமையின்போது ரத்து செய்தது யாருடைய ஆட்சி? அவருடைய மனைவியின் ஆட்சி! 1977-ல்தான் அது திரும்பி வந்தது.

சர்க்காருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. 1958 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை விசாரணைக்கு நியமித்தார்கள். இங்கேதான் தொழிலாளி கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. சாக்ளா கதவைத் திறந்து வைத்து விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே நிற்கும் ஜனங்களுக்காக ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதி மந்திரி சாட்சிக் கூண்டில் ஏறினார். நிதிச் செயலாளர் ஏறினார். ரிசர்வ் பாங்க் கவர்னர் ஏறினார். செயலாளர் சொன்னார் என்றனர் எல்.ஐ.சி. அதிகாரிகள். மந்திரிக்குத் தெரியும் என்றார் செயலாளர். நான் சம்மதம் தரவில்லை என்றார் மந்திரி. பந்து இப்படிக் கைமாறிக் கைமாறிப் போனதை பம்பாய் மில் தொழிலாளியும் தெருவில் நின்று காதாரக் கேட்க முடிந்தது.

கல்கத்தா சந்தையைத் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்று ஒரு வாதம் வைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வாதம்! சந்தையைத் தாங்க வேண்டுமானால் நல்ல ஷேர்கள் எத்தனையோ இருக்க, முந்த்ராவின் ஷேரை மட்டும், முந்த்ராவிடமே ஏன் வாங்க வேண்டும்? சாக்ளா அந்த வாதத்தை ஏற்கவில்லை. தன் இலாகா செயலாளர் செய்ததற்கு மந்திரியே பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்று முடிவு சொன்னார். எத்தனை நாளில்? ஒரு மாதத்துக்குள்! 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அதே மாதம் கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். முந்த்ரா சிறைக்குப் போனார்.

முதலாளிகளின் பத்திரிகைகள் இதை வைத்து வேறு பாட்டுப் பாடின. பார்த்தீர்களா, தேசியமயம் என்றால் இதுதான் கதி, எல்லாவற்றையும் தனியாருக்கே விட்டுவிடுங்கள் என்று. தோழர்களே, இந்தப் பாட்டு இன்றும் ஓயவில்லை, ஆகையால் பதில் சொல்லியாக வேண்டும். திருட வந்தவர் யார்? தனியார் முதலாளி. திருடக் கொடுத்தவர்கள் யார்? அவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மந்திரியும் அதிகாரியும். பிடிக்க முடிந்தது எதனால்? எல்.ஐ.சி. ஜனங்கள் சொத்து, ஆகவே பார்லிமெண்டில் கேள்வி கேட்க முடிந்தது. தனியார் கம்பெனியாக இருந்தால், “எங்கள் கம்பெனி, எங்கள் முடிவு, நீ யார் கேட்க?” என்று கதவைச் சாத்தியிருப்பார்கள்.

அந்த ஆறு கம்பெனிகள் பிறகு என்னவாயின? ரிச்சர்ட்சன் குரூடாஸை 1972-லும், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட்டை 1977-லும், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனை 1981-லும் சட்டம் போட்டு சர்க்கார் ஏற்க வேண்டி வந்தது. ஜெஸ்ஸப்பும் சர்க்கார் கைக்கு வந்தது. 2003-ல் அதைத் திரும்பவும் தனியாருக்கு விற்றார்கள், சில வருஷங்களில் ஆலை முடங்கியது. முதலாளி சூறையாடிய கம்பெனியின் சுமை ஜனங்கள் தலையில். சர்க்கார் சீர் செய்ததும் மறுபடி முதலாளி கையில். கான்பூர் லால் இம்லி ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள், கல்கத்தா ஜெஸ்ஸப்பில் ரயில் வாகன் செய்த தொழிலாளியைக் கேளுங்கள். உழைத்தது யார் என்று அவர்கள் சொல்வார்கள்.

விழுந்தவர்களும் விழுந்தபடி கிடக்கவில்லை. கிருஷ்ணமாச்சாரி 1962-ல் மந்திரிசபைக்குத் திரும்பினார். 1963-ல் அதே நிதி இலாகா அவர் கைக்கு வந்தது. பட்டேல் 1977-ல் ஜனதா ஆட்சியின் நிதி மந்திரியானார். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கணக்கில் நாலணா குறைந்த கண்டக்டருக்கு இப்படி மறு வேலை கிடைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இப்போது 2023-க்கு வருவோம். அந்த ஜனவரியில் ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அறிக்கை வந்தது. அதானி கம்பெனிகள் கணக்கிலும் ஷேர் விலையிலும் தில்லுமுல்லு செய்வதாக அது குற்றம் சாட்டியது. அதானி தரப்பு மறுத்தது. ஷேர்கள் மளமளவென்று விழுந்தன. எல்.ஐ.சி. அந்தக் குழுமத்தின் ஷேர்களை 30,127 கோடி ரூபாய்க்கு வாங்கியிருப்பதாக எல்.ஐ.சி.யே ஜனவரி 30-ந் தேதி சொன்னது. அன்றைய மதிப்பு 56,142 கோடி, ஆகவே நஷ்டம் இல்லை என்றும் சொன்னது.

சரி, நஷ்டம் இல்லை. அந்தக் கணக்கை மறுக்க நான் வரவில்லை. ஆனால் நாம் கேட்டது அதுவா? ஊரார் பணத்தை ஒரே குழுமத்தில் இவ்வளவு போட யார் முடிவு செய்தார்கள், எந்தக் குறிப்பின் பேரில், யாரைக் கேட்டு? 1957-லும் இதுதான் கேள்வி. சூதாட்டத்தில் வீட்டுப் பணத்தை வைத்து ஜெயித்து வந்தவனையும், “யாரைக் கேட்டு எடுத்தாய்?” என்றுதான் வீட்டிலே கேட்பார்கள். பார்லிமெண்ட் கூட்டுக் கமிட்டி வேண்டும் என்று எதிர்க் கட்சிகள் கேட்டன. சர்க்கார் இணங்கவில்லை. அந்தக் கூச்சலிலேயே சபை நாட்கணக்கில் முடங்கியது. சுப்ரீம் கோர்ட் 2023 மார்ச்சில் ஒரு நிபுணர் குழு அமைத்தது. 2024 ஜனவரியில் தனி விசாரணைக் குழு தேவையில்லை என்றது. சட்டப்படி அது கோர்ட்டின் முடிவு. ஆனால் மந்திரி கூண்டில் ஏறவில்லை. ஒலிபெருக்கி கட்டவில்லை.

இதற்கு நடுவே 2022 மே மாதம் எல்.ஐ.சி.யிலேயே 3.5 சதவீதத்தை ஷேர் சந்தையில் விற்றார்கள். கம்பெனிகள் பெயர் தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க 2018-ல் தேர்தல் பத்திரம் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகுதான், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலே ஜனங்கள் கண்ணில் பட்டது. அதுவரை ஆறு வருஷம் இருட்டிலே நடந்தது கொடுக்கல் வாங்கல்.

எல்.ஐ.சி. கிளைகளில் வேலை செய்யும் தோழர்கள் தங்கள் நிறுவனத்தின் பங்கு விற்பனையை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்திருக்கிறார்கள். அவர்கள் உங்கள் ஆலை வாசலுக்கும் உங்கள் சேரிக்கும் நோட்டீஸ் கொண்டுவந்தால் வாங்கிப் படியுங்கள். பிரிமியம் கட்டும் தோழர்கள் உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இந்தப் பணத்தை எந்தக் கம்பெனியில், யார் கையெழுத்தில் போட்டார்கள் என்று சபையில் நீங்கள் எத்தனை தடவை எழுந்து கேட்டீர்கள்?