சிலுவை சுமப்பவர் யார்?

அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்கு உரியதாக்குவர் என்பது வள்ளுவர் கருத்து. பூண்டுலோயாவில் ஒரு மழை நாளில் இக்கருத்தை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன். முதுகெலும்பை ஈந்த ததீசி முனிவரின் கதையைச் சொன்னேன். வகுப்பிற் கிறித்தவப் பிள்ளைகளும் இருந்தமையால் இயேசுபிரானின் சிலுவையையும் எடுத்துக் காட்டினேன். அப்பொழுது மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

அவளுடைய தாய் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். முதல் நாள் நிறை குறைந்ததென்று அவருக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்களாம். லயத்திற்கு வந்து கண்ணீர் விட்ட அத்தாயைத் தேற்ற வந்த பெரியவர் ஒருவர், ஆண்டவர் உனக்குத் தந்த சிலுவை இது, முணுமுணுக்காமற் சுமந்துகொள் என்றாராம். இதைச் சொல்லிவிட்டு, "ஐயா, அரைப்பேரும் சிலுவைதானா?" என்று கேட்டாள்.

அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. யான் சைவ மரபில் வளர்ந்தவன். எனினும் பிற சமயத்தார் உயிரினும் மேலாகப் போற்றும் ஒன்றைப் பிழைபடச் சொல்லுதல் தமிழாசிரியனுக்கு அழகன்று. ஆகவே நற்செய்தி நூல்கள் நான்கையும் மீண்டும் பொறுமையாகப் படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

அந்நூல்களிற் கண்ட முதல் உண்மை, இயேசுபிரான் துன்பத்தை விரும்பியவரல்லர் என்பது. பாடுபடுதற்கு முந்திய இரவில், கெத்சமனித் தோட்டத்தில், இயலுமாயின் இத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்றே அவர் வேண்டினார். இரண்டாவது, தம்மை நாடி வந்த நோயாளர் எவரிடத்தும், உன் நோயை நீயே சுமந்துகொள் என்று அவர் சொன்னாரில்லை. நோயைத் தீர்த்தே அனுப்பினார். மூன்றாவது, விசாரணையின்போது காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபொழுது, யான் தவறு பேசவில்லையே, என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அநீதியை அநீதியென்று சொல்லும் உரிமையை அவர் துறந்திலர். நான்காவது, தம் உயிரைப் பிறர் எவரும் பறிக்கவில்லை, தாமே அதனைக் கொடுப்பதாகச் சொன்னார்.

இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கினால், சிலுவையின் பெருமை அதன் வேதனையில் இல்லை என்பது புலனாகும். வேதனை மட்டுமே பெருமையாயின், அன்று அவருடன் சிலுவையேறிய கள்வர் இருவர்க்கும் அது பொதுவன்றோ? வேறுபாடு அன்பில் உள்ளது. கிறித்தவ சமயத்தின் துணிபு யாது? மனிதன்மேற் கடவுள் ஏற்றிய சுமையன்று சிலுவை. மனிதனுக்காகக் கடவுள் தாமே ஏற்ற சுமை. இந்த ஏற்றவன், ஏற்றியவன் என்னும் வேறுபாட்டை மறந்தால் சிலுவையின் பொருள் தலைகீழாகிவிடும்.

தமிழ் மனத்துக்கு இது புதிதன்று. ஆலகால விடத்தைத் தேவர் குடிக்கட்டும் என்று விட்டுவிடாது தானே உண்டு கண்டம் கறுத்தவனைப் பாடிப் பழகியது நம் மொழி. நஞ்சு நன்று என்று எந்த அடியாரும் பாடவில்லை. நஞ்சை ஏற்ற அருளையே பாடினர். நெல்லை நாட்டு வைணவக் குடும்பத்தில் 1827 இற் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858 இற் கிறித்தவரானார். 1894 இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை வெளியிட்டார். ஆழ்வார்களின் பக்தித் தமிழில் ஊறிய அப்புலவர், அதே தமிழிலேயே சிலுவையையும் பாடினார். இறைவன் எளிவந்து உயிர்களுக்கு இரங்குகிறான் என்னும் உணர்வுக்கு வேண்டிய சொற்கள் அங்கே முன்னரே அமைந்திருந்தன.

நூலை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். நம் மலைநாட்டிலேயே இதற்கோர் உரை வாழ்ந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து 1687 இல் யாழ்ப்பாணத்திற்கு மாறுவேடத்தில் வந்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். 1692 இற் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றரென ஐயுற்றுச் சிறையில் அடைத்தனர். 1697 இற் கண்டியிற் பெரியம்மை பரவிற்று. மக்கள் நோயாளரைக் கைவிட்டு நகரை நீங்கினர். வாஸ் அடிகளார் நீங்கவில்லை. தம் மருகரான கார்வாலோ அடிகளாரோடு நோயாளரைத் தேடிச் சென்று, குடில் அமைத்து, உணவு ஊட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். அந்நோயாளரிற் பெரும்பாலோர் அவர் சமயத்தவரல்லர். 1711 இல் அவர் கண்டியிலேயே மறைந்தார். 2015 சனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இங்கே கருதத் தக்கது ஒன்றுண்டு. அம்மை கண்டவரைப் பார்த்து, இது உன் சிலுவை என்று வாஸ் அடிகளார் கூறிவிட்டுப் போயிருந்தால் அவரை யார் நினைப்பார்? அம்மை நோய் தீமை. தொற்றும் என்றறிந்தும் அருகிற் சென்றாரே, அதுவே சிலுவை. சிலுவை நோயாளியின் பாயில் இல்லை. அப்பாயை நோக்கி நடந்த கால்களில் இருந்தது.

இனி எம் மக்களின் கதையைப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்தோர் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் இரு நாட்டு அரசுகளும் அவர்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே வழி பிறந்தது. இவற்றுள் எதையும் இம்மக்கள் விரும்பி ஏற்கவில்லை, பிறர் ஏற்றியவை. இவற்றிற்குச் சிலுவை என்று பெயரிடுவது, ஏற்றியவரின் குற்றத்தை இறைவன்மீது சாற்றுவதாகும்.

மாற்ற முடியாத துன்பங்களும் உண்டே என்பீர். தீராப் பிணி, பிள்ளையைப் பறிகொடுத்த துயர் என்பவற்றை எந்தச் சட்டமும் நீக்காது. அங்கே சிலுவை ஆறுதல் தருகின்றது என்பதை யான் மறுக்கவில்லை. எம் கடவுளும் இவ்வழியே நடந்தார், நான் தனியேன் அல்லேன் என்னும் உறுதியைக் கிறித்தவர்க்கு அது தருகின்றது. ஆனால் அவ்வாறுதலை மாற்றக்கூடிய அநீதிக்கு மருந்தாகக் கொடுப்பது, நெருப்புப் பற்றிய வீட்டில் தாலாட்டுப் பாடுவதை ஒக்கும்.

மறு கிழமை அம்மாணவிக்கு விடை சொன்னேன்: "அம்மா, அரைப்பேர் சிலுவையன்று. உன் தாய்க்காகக் கொழுந்து மடுவத்திற்குச் சென்று, தன் வேலைக்கும் பெயருக்கும் கேடு வரினும் அஞ்சாது, இந்நிறை சரிதானா என்று கேட்பவர் யாரோ, அவரே சிலுவை சுமப்பவர்."

அவள் சிறிது நேரம் யோசித்து, "யார் கேட்பார்கள், ஐயா?" என்றாள்.

முதல் வினாவினும் இது கடினமானது. இதற்கு விடை ஏட்டில் இல்லை. அன்புடைமையை ஆண்டுதோறும் நடத்தி வரும் நானும், ஆலயத்திற் போதிப்போரும், படித்துப் பட்டம் பெற்றுத் தோட்டத்தைவிட்டு வெளியேறிய இளைஞரும் சேர்ந்தே இதற்கு விடை தரவேண்டும்.