தூரத்தை விற்கும் தோட்டாக்கள்

தோட்டாக்களைப் பற்றிப் பேச இலக்கிய வாசகர்களாகிய நமக்கு என்ன அருகதை என்று கேட்கப்படலாம். அருகதை உண்டு என்பதே நம் பதில். ஹெமிங்வேயின் பிரான்சிஸ் மெக்கோம்பர் கதையில் (1936) ஒவ்வொரு துப்பாக்கியும் அளவோடும் பெயரோடும் வருகிறது. மெக்கோம்பரிடம் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், தொழில்முறை வேட்டைக்காரன் வில்சனிடம்.505 கிப்ஸ், மனைவியிடம் 6.5 மான்லிச்சர். மெக்கோம்பரின் தோட்டாவில் வலு குறைவில்லை. ஆனால் குண்டு படக்கூடாத இடத்தில் பட்டது. அதன் பிறகு கதை சிறிது நேரம் அடிபட்ட சிங்கத்தின் உடலுக்குள் நுழைந்துகொள்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்தவர்களுக்குத் தோட்டாவின் தேர்வு வெறும் இயந்திர விவகாரமாக இருக்க முடியாது.

இன்று அமெரிக்காவில் நெடுந்தூர வேட்டை என்றொரு மோகம் பரவியிருக்கிறது. வயோமிங்கிலோ மொன்டானாவிலோ எல்க் மானையோ கோவேறு மானையோ 600, 800, 1,000 கஜத்துக்கு அப்பாலிருந்து வீழ்த்துவது பெருமை. அதற்கென்றே அளவு சொல்லி ரைபிள் செய்விக்கிறார்கள். செய்விப்பவரின் முதல் கேள்வி, எந்தத் தோட்டாவுக்கு அதைக் கட்டுவது என்பது. 28 நாஸ்லர் (2015), .300 பிஆர்சி (2018), 6.8 வெஸ்டர்ன் (2021), 7 பிஆர்சி (2022) எனப் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றின் விளம்பரத்திலும் மறைந்திருக்கும் வாக்குறுதி ஒன்றே: இதை வாங்கினால் இன்னும் தள்ளி நின்று சுடலாம். இந்த வாக்குறுதி பொய் என்பதே நமது வாதம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன் எடையுள்ள நவீனக் குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். 500 கஜத்தைக் கடக்க அதற்கு முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். குண்டு எவ்வளவு கீழிறங்கும் என்பது இன்று சிக்கலே அல்ல. லேசர் தூரமானியும் கணிப்பானும் அதைச் சொல்லிவிடும். சிக்கல் காற்றில் இருக்கிறது. பக்கவாட்டுக் காற்றின் வேகத்தை மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் தவறாக மதிப்பிட்டால், அந்தத் தூரத்தில் குண்டு ஏழு அங்குலம் விலகும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய வட்டம் எட்டு முதல் பத்து அங்குல விட்டமே. நடுவிலிருந்து ஐந்து அங்குலம் தாண்டினாலே குண்டு அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

சரி, .300 பிஆர்சிக்கு மாறுகிறோம். 212 கிரெய்ன் குண்டு, கூடுதல் வேகம், தோளில் ஏறத்தாழ இரட்டிப்பு உதை. அதே தவறு இப்போது ஆறு அங்குலம் விலக வைக்கும். ஓர் அங்குல லாபம்! குண்டு இன்னமும் வட்டத்துக்கு வெளியேதான். மலைச்சரிவின் இந்தப் பக்கம் ஒரு காற்றும் பள்ளத்தாக்கின் நடுவில் வேறொரு காற்றும் வீசும் இடத்தில், அந்த எட்டுக் கிலோமீட்டரைப் பிழையின்றிச் சொல்லும் கருவி எந்தத் தோட்டாவோடும் சேர்ந்து வருவதில்லை.

விலங்கின் கால்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். மெதுவாக நடக்கும் மான் அந்த முக்கால் வினாடிக்குள் இரண்டடிக்கு மேல் நகர்ந்துவிடும். விசையை அழுத்தும்போது அது நின்றுகொண்டிருந்தது என்பது சமாதானமாகாது. குண்டு போய்ச் சேரும்போதும் அது நிற்க வேண்டுமே.

கிரீட்மோர் என்ற பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1873இல் திறக்கப்பட்ட சுடுகளத்தின் பெயர் அது. 1874இல் அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கஜங்களில் மோதின. 934க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்துக்காரர் ஒருவர் அருகிலிருந்த வேறொரு இலக்கின் நடுப்புள்ளியைச் சுட்டுவிட்டதே ஆட்டத்தைத் தீர்மானித்தது. அந்தப் பிழையின் விலை சில புள்ளிகள் மட்டுமே. எந்த உடலும் அதற்காக வலியில் துடிக்கவில்லை. 2007இல் அந்தப் பெயர் சூட்டப்பட்ட தோட்டாவும் இலக்குப் போட்டிக்காகவே பிறந்தது. போட்டிக் களத்தின் துணிவைக் காட்டுக்குள் கொண்டுவருவதுதான் நம் காலத்தின் பிழை.

எதிர்வாதம் நமக்குத் தெரியும். 'கரமோஜா' பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளில் பெரும்பகுதியை 7×57 மௌசர் என்ற சிறு தோட்டாவால் வீழ்த்தினாரே என்பார்கள். உண்மை. (அத்தனை யானைகளைக் கொன்றதை நாம் மெச்சவில்லை.) ஆனால் பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். அதற்கேற்ற கோணம் கிடைக்கும்வரை நெருங்கிச் சென்றவர். அவருடைய வாழ்க்கை சிறிய தோட்டாவுக்கு நற்சான்றிதழ் என்பதைவிடப் பெரிய தோட்டாவின் மேல் வைக்கும் மூடநம்பிக்கைக்கு மறுப்பு என்பதே பொருத்தம். ஜிம் கார்பெட்டும் அப்படித்தான். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிளும் அதே தோட்டாவைச் சுடுவதே. 1930இல் சௌகர் புலியை அவர் அதைக் கொண்டுதான் சுட்டார். ஒரு கையில் பறவை முட்டைகள், மறு கையில் ரைபிள், இடையே சுமார் எட்டடி. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையை விட்டுவிட்ட நாடு நம்முடையது. ஆயினும் கார்பெட்டை இன்னும் வாசிக்கிறோம். காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்பக் கூடாது என்ற அறம் அவர் எழுத்தில் இருப்பதும் ஒரு காரணம். 900 கஜத்துக்கு அப்பால் அடிபட்ட மானின் இரத்தத் தடத்தைத் தேடிப் பள்ளத்தாக்கைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகுமே, அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்தத் தோட்டா பதில் சொல்லும்?

அப்படியானால் தோட்டாவின் தேர்வே வீணா? இல்லை. தேர்வின் வரிசை தலைகீழாகிவிட்டது என்றுதான் சொல்கிறோம். முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள். தோட்டா பிறகு வரட்டும். களைத்த மூச்சோடு, காற்றில், காட்டு நிலத்தில் படுத்தோ உட்கார்ந்தோ சுட்டு, பத்துக்குப் பத்தும் அந்த எட்டு அங்குல வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. பலருக்கு அது 300 கஜத்தைத் தாண்டாது. பிறகு குண்டைப் பாருங்கள். வேட்டைக் குண்டுகளில் பலவும் வினாடிக்கு 1,800 அடிக்குக் குறைந்த வேகத்தில் பட்டால் சரியாக விரிவதில்லை; ஊசிபோல் துளைத்துப் போய்விடும். விலங்கு உடனே சாகாது. உங்கள் எல்லையில் அந்த வேகம் மிஞ்சுகிறதா என்று பார்த்து, மிஞ்சும் தோட்டாக்களில் உதை குறைந்ததை எடுங்கள். மானுக்கு 6.5 கிரீட்மோரோ 1925இல் வந்த .270 வின்செஸ்டரோ போதும். எல்க்குக்கு 1962இல் வந்த 7 மிமீ ரெமிங்டன் மேக்னம் போதும்.

உதை குறைந்தது ஏன் என்றால், பெரிய தோட்டா பயிற்சியைத் தின்றுவிடும். தோள் வலிக்கும், விசையை அழுத்துமுன் கண் மூடிக்கொள்ளும். சிறிய துளைக்குள் மிகுதியான வெடிமருந்தை எரிக்கும் தோட்டாக்கள் குழலின் தொண்டையையும் சீக்கிரமே அரித்துவிடும். குழல் கெட்டுவிடும் என்று அஞ்சிப் பயிற்சியில் சுடாமல் காட்டில் மட்டும் சுடுகிறவனுக்கு, அவன் வாங்கிய தூரத்தால் யாதொரு பயனும் இல்லை.

மெக்கோம்பரின் கையிலிருந்த ரைபிளில் குறை காண முடியாது. தொலைவிலிருந்து சுடுபவன் அவனிடமிருந்து ஒன்றில்தான் வேறுபடுகிறான். மெக்கோம்பர் அந்த உயரமான புல்லுக்குள், சிங்கத்தின் மூச்சு கேட்கும் இடம்வரை சென்றாக வேண்டியிருந்தது. இவனுக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை. தூரத்தை விலைக்கு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது, தன் பிழையைக் காணாதிருக்கும் வசதியைத்தான்.