காவல் மரமும் கன்றுக் கணக்கும்

ஒரு மரம் வீழ்ந்தால் பத்துக் கன்றுகள் நடுவோம் என்கின்றனர். கேட்பதற்கு இனிக்கும் கணக்கு இது. ஆயினும் நூறாண்டு நின்ற அரசமரத்தின் நிழலை அந்தப் பத்துக் கன்றுகளும் என்று தரும்? பொந்தில் குடியிருந்த கிளியும் ஆந்தையும் அதுவரை எங்கே காத்திருக்கும்? கன்றை ஒரு நாளில் நட்டுவிடலாம். முதுமையை நட இயலாது.

ஜீவனஹள்ளியில் வாழும் நமக்கு இது அயலார் வழக்கு அன்று. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மெண்டை அமைத்த காலந்தொட்டு, பிழைப்பை நாடி வந்த தமிழர் பலர் அதன் சுற்றுப்புறங்களில் வேரூன்றினர். ஊரில் விட்டு வந்த முற்றமும் தோப்பும் இங்குள்ள குறுகிய தெருக்களில் நமக்கு வாய்க்கவில்லை. பூங்காவே நம் முற்றம். அங்குள்ள முதுமரமே நம் ஊர் ஆலமரம்.

அம்முற்றத்தை நாம் எவ்வாறு பேணுகிறோம்? அழகுபடுத்துதல் என்னும் பெயரால் அடிமரம் வரை சிமெண்டு பூசுவதைக் கண்டும் வாளா இருக்கிறோம். மழைநீர் வேரை அடையாமல் சாக்கடைக்கு ஓடுகிறது. மண்ணுக்கு உரமாகும் சருகைக் குப்பை என்று கூட்டி எரிக்கிறோம். மரத்தில் ஆணி அறைந்து விளம்பரம் மாட்டுகிறோம். பின்னர், புல்தரை வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம். இந்நகரின் குடிநீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றப்படும் காவிரி நீர். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, தோட்டங்களுக்குக் குடிநீர் ஊற்றுவதையே குடிநீர் வாரியம் தடை செய்தது. அத்தகைய ஊரில் நாள்தோறும் நீர் கேட்கும் புல்லை விரிப்பது அழகா, அறியாமையா?

சட்டம் இல்லாமல் இல்லை. கருநாடகத்தில் பூங்காக்களைக் காக்க 1975இலும், மரங்களைக் காக்க 1976இலும் சட்டங்கள் பிறந்தன. கோடரிக்கு இசைவு கேட்கலாம் சட்டம். மெல்லக் கொல்லும் சிமெண்டை யார் கேட்பது? அப்பகுதியில் வாழும் நாமே கேட்க வேண்டும்.

மண்ணுக்குரிய மரங்கள் என்றதும் ஓர் ஐயம் எழலாம். வெளியிலிருந்து வந்தவற்றை வெட்டிவிடச் சொல்கிறோமா? இல்லை. 1908இல் இங்கு வந்து லால்பாக்கைப் பேணிய ஜெர்மானியர் கிரும்பிகெல், அயல்நாட்டுப் பூமரங்கள் பலவற்றால் இந்நகரை அணிசெய்தார். செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது; தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. வந்தது என்னும் காரணத்தால் நிழல் தரும் மரத்தை வெட்டச் சொல்லும் உரிமை, வந்து வாழும் நமக்குச் சிறிதும் இல்லை. நின்றவை நிற்கட்டும். இனி நடுபவையேனும் இம்மண்ணின் வண்டும் பறவையும் அறிந்த புங்கும் நாவலும் அத்தியும் இலுப்பையும் ஆகட்டும். நாம் புங்கு என்பதை அண்டை வீட்டார் ஹொங்கே என்பர். நாம் நாவல் என்பதை நேரளே என்பர். பெயர் இரண்டு, நிழல் ஒன்றே.

நகருக்குள் காடு நிலைக்குமா என்று நகைப்போர் சென்னைக் கிண்டியைக் காண்க. அக்காட்டின் ஒரு பகுதி 1959இல் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றது. எஞ்சியதில் ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. இன்றும் அங்கே மாநகரின் நடுவே வெளிமான் மேய்கிறது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், 1859இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குள் ஆறு ஹெக்டேர் அளவில் பழங்காடு விட்டுவைக்கப்பட்டுள்ளது. நிலம் அருகிய தீவுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

நாம் கேட்பவை மூன்றே. அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமெண்டைப் பெயர்த்து மண்ணுக்கு மூச்சு விடுக. பூங்காவின் ஒரு மூலையைக் கூட்டாமல், கத்தரிக்காமல் காடாக விடுக. வெற்றிடத்தில் மட்டும் புதுக்கன்று நடுக. முதுமரத்தை அகற்றி நடவேண்டா.

பண்டைத் தமிழ் வேந்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் மரம் இருந்தது. அதை வெட்ட வருபவன் பகைவன். நம் பூங்காவின் காவல் மரத்தை வெட்டப் பகைவன் வரவேண்டியதில்லை. நம் வாய்மூடிய மௌனமே போதும். அம்மௌனத்தை இன்றே கலைப்போம்.