ராஜபாளையத்து ஹாலில் ஒரு பவளத்திட்டு... ஆசைப்படலாம், ஆனால் மீனோட பூர்வீகம் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை. செண்பகத்தோப்பு ஓடைக்கரையில ஒரு பாறை மேல உட்கார்ந்து, கால் தண்ணிக்குள்ள, கண்ணு போனுக்குள்ள. ஸ்க்ரோல் பண்ணிட்டே போறீங்க. நீல வெளிச்சத்தில் மினுங்கும் ஒரு கண்ணாடித் தொட்டி வருது. உள்ளே ஊதா, பச்சை, ஆரஞ்சு நிறத்தில் பவளங்கள். நடுவுல ரெண்டு கோமாளி மீன், அதாவது நம்ம 'நீமோ'. 'நம்ம வீட்டு ஹால்ல இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?' மனசுக்குள்ள மணி அடிக்குது இல்லையா?

கடலே இல்லாத ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும்கூட இந்த ஆசை வர்றது தப்பில்லை. ஆனா, அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போனா முதல்ல என்ன கேட்போம்? 'தாய் எது, தகப்பன் எது, எங்கே போட்ட குட்டி?' இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம நம்ம ஊர்ல யாரும் குட்டியைத் தூக்கிட்டு வர மாட்டாங்க. அதே கேள்வியைக் கடல் மீன்கிட்ட மட்டும் ஏன் கேட்க மறந்துடுறோம்?

புலிக்கு என்ன சட்டமோ, பவளத்துக்கும் அதே சட்டம்!

நீங்க உட்கார்ந்திருக்கிற செண்பகத்தோப்பு, 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயப் பகுதி. 2021-ல் இந்த மலைத்தொடர் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. இங்கே இருந்து ஒரு அணிலைப் பிடிச்சு, கூண்டுல அடைச்சு ஹால்ல வைக்கணும்னு உங்களுக்குத் தோணுமா? தோணாது. ஏன்னா அது குற்றம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பவளம் விஷயத்தில்தான் நமக்கு அந்தத் தெளிவு இல்லை. பார்க்க கல்லு மாதிரியும் பூ மாதிரியும் இருக்கிறதால, அது ஒரு அலங்காரப் பொருள்னு நினைச்சுடுறோம். உண்மையில் அது விலங்கு. குண்டூசித் தலை அளவில் ஆரம்பிக்கும் ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் ஒண்ணா ஒட்டி வாழ்ந்து, தங்களுக்குக் கீழே சுண்ணாம்பு வீடு கட்டிக்கிட்டே போகும். அந்த வீட்டைத்தான் நாம பவளப்பாறைன்னு சொல்றோம்.

பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001-லயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமும் அதே அட்டவணைதான். இந்த மலையில் நடமாடுற புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணை! உயிரோட இருக்கிற பவளம் மட்டுமில்லை, அதன் காய்ந்த எலும்புக்கூடும் இதில் அடக்கம். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

'ப்ரோ, இது நம்ம கடல்ல எடுத்தது இல்ல, வெளிநாட்டுல பண்ணையில வளர்த்தது' என்று விற்பவர் சொல்லலாம். சட்டத்தில் 'எல்லா வகையும்' என்றுதான் இருக்கு. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் உயிரினங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ் 2.0' தளத்தில் பதிவு செய்யணும்னு 2024-ல் தனியா விதியே வந்தாச்சு. பாறை கட்டும் பவளங்கள் அந்தப் பட்டியலிலும் இருக்கு. அதனால வாய் வார்த்தை செல்லாது. 'பேப்பர் இருக்கா?' என்று கேளுங்க. இல்லைன்னா நடையைக் கட்டுங்க.

மன்னார் வளைகுடாவில் என்ன நடந்தது?

'ஒரு துண்டு எடுத்தா என்ன குறைஞ்சிடப் போகுது?' என்று தோணலாம். அதுக்கான பதில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல கடல்ல இருக்கு.

1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள். ஒவ்வொரு தீவையும் சுத்திப் பவளப்பாறைகள். அந்தப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தாங்க. பாறை போனா அலையைத் தடுக்க ஆள் இல்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் தண்ணிக்குள்ள மூழ்கியே போச்சு. வெட்டுறது ஒருவழியா நின்னது 2005 வாக்கில். சட்டம் ஒரு காரணம். 2004 டிசம்பர் 26 சுனாமி இன்னொரு காரணம். பாறை இருந்தால்தான் கரைக்குப் பாதுகாப்புன்னு மக்களுக்கு அதன் பிறகு நல்லாவே புரிஞ்சது.

வெட்டுறது நின்னாலும் சூடு நிக்கலை. பவளத்தின் உடம்புக்குள்ள நுண்ணிய பாசிகள் குடியிருக்கு. பவளத்துக்குச் சாப்பாடும் நிறமும் பெரும்பாலும் அதுங்க கொடுக்கிறதுதான். கடல் ரொம்ப சூடானா அந்தப் பாசிகள் வெளியேறிடும், பவளம் வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினாலே இது ஆரம்பிச்சுடுது. சூடு சீக்கிரம் தணிஞ்சா பிழைச்சுக்கும். தணியலைன்னா பட்டினியில் செத்துப்போகும். 2016-ல் வந்த பெரிய வெளுப்பில், இங்கே உயிருள்ள பவளங்களின் பரப்பு சுமார் 39 சதவிகிதத்தில் இருந்து சுமார் 23 ஆக இறங்கியது. 2024 ஏப்ரலில், நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு நடந்துகிட்டு இருக்குன்னு விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. அந்த வருஷம் லட்சத்தீவிலும் கடுமையான பாதிப்பு.

இப்படி ஏற்கெனவே ஐ.சி.யு-வில் இருக்கிற ஒரு கடலில் இருந்துதான், நம்ம ஹால் அலங்காரத்துக்காக ஒரு துண்டு உடைக்கப்படுது. மீன் குஞ்சு ஒதுங்குற இடமும் அதே பாறைதான். அது போனா நாட்டுப்படகு மீனவருக்கு வலையில் மீன் குறையும்.

நல்ல செய்தி மண்டபத்தில் இருக்கு

சரி, அப்போ கடல் மீன் ஆசையையே மூட்டை கட்டி வெச்சுடணுமா? தேவையில்லை.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கு. அந்த நிறுவனம் தொடங்கினது 1947-ல். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வெச்சு, குஞ்சு பொரிச்சு வளர்க்கிற தொழில்நுட்பத்தை அவங்க உருவாக்கியிருக்காங்க. சிதம்பரம் பக்கத்துல பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இந்த வேலையைச் செய்திருக்கு. லட்சத்தீவின் அகத்தி தீவில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அலங்கார இறால்களை வளர்க்க வைக்கிறாங்க.

இது லேசுப்பட்ட வேலை இல்லை. கோமாளி மீன் பிறக்கும்போது எல்லாமே ஆண். கூட்டத்துல பெரிய மீன்தான் பெண்ணா மாறும். முட்டையைக் காவல் காக்கிறது அப்பா. பொரிஞ்சு வர்ற குஞ்சு அவ்வளவு பொடிசு, அதுக்கு ஊட்ட இன்னும் பொடியான உயிர் உணவைத் தனியா வளர்க்கணும். இதையெல்லாம் தாண்டி வளர்ந்த குஞ்சுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. அது தொட்டியிலேயே பிறந்தது. தொட்டித் தீவனம் தின்னப் பழகினது. பிடிச்சுட்டு வந்த மீனைவிட நம்ம வீட்டில் பிழைக்கிற வாய்ப்பு அதிகம். நல்லா பார்த்துக்கிட்டா 10 வருஷத்துக்கு மேலயும் வாழும்.

எல்லா மீனுக்கும் இப்படி இல்லை. 'டோரி' என்கிற நீல டாங் மீனைத் தொட்டியில் முதல் தடவையா இனப்பெருக்கம் செய்ய வெச்சதே 2016-ல்தான். கடைகளுக்கு வர்றதில் பெரும்பாலானவை கடலில் பிடிச்சவை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகைகள் பவளத்தைத் தின்னுதான் வாழும். தொட்டியில் அதுக்குப் பட்டினிதான். அழகா இருக்குன்னு இதையெல்லாம் வாங்காதீங்க.

நம்ம ஊர்ல வைக்கணும்னா...

பவளம் இல்லாத, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி உள்ள ஒரு தொட்டி. முதல் தடவை வைக்கிறவங்களுக்கு இதுதான் சரி. கணக்கு இதோ:

தொட்டி: 150 லிட்டர் அளவாவது இருக்கட்டும். சின்னத் தொட்டி சுலபம்னு நினைப்போம். நிஜத்தில் தலைகீழ். தண்ணி குறைவா இருந்தா சூடும் உப்பும் சட்டுனு மாறும், மீன் தாங்காது.

தண்ணீர்: போர்வெல் தண்ணியும் நகராட்சித் தண்ணியும் நேரடியா கூடாது. ஆர்.ஓ தண்ணியில் மீன் தொட்டிக்கான கடல் உப்புக் கலவையைக் கரைக்கணும். லிட்டருக்கு சுமார் 35 கிராம். அதாவது, 150 லிட்டருக்கு 5 கிலோவுக்கு மேல். வீட்டுக் கல்லுப்பைக் கரைச்சா கடல் தண்ணி ஆகாது. அதில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் தேவையான அளவில் இருக்காது. அடர்த்தி 1.025 பக்கம் நிக்கணும்.

பாறை: செராமிக் அல்லது செயற்கைப் பாறை போதும். ராமேஸ்வரம் போனப்போ கரையில் பொறுக்கின பவளக்கல் வேண்டவே வேண்டாம். காரணத்தை மேலேயே பார்த்துட்டோம்.

பொறுமை: தண்ணி ஊத்தின அன்னைக்கே மீன் விடுறதுதான் பெரும்பாலானவங்க செய்ற முதல் தப்பு. மீன் கழிவில் இருந்து வர்ற அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைஞ்ச நைட்ரேட்டாகவும் மாத்துற பாக்டீரியா தொட்டிக்குள்ள வளரணும். அதுக்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டின பிறகுதான் மீன்.

வெயில்: நம்ம ஊரில் இதுதான் நிஜமான சவால். தண்ணி 25 - 27 டிகிரியில் இருக்கணும். சித்திரை வெயிலுக்கு ஃபேன் மட்டும் பத்தாது, சில்லர் தேவைப்படும். 300 வாட்ஸ் சில்லர் தினமும் 10 மணி நேரம் ஓடினா 3 யூனிட். ரெண்டு மாச பில்லில் 180 யூனிட் கூடும். அரசு தர்ற இலவச யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒண்ணே சாப்பிட்டுடும். கரன்ட் போனா மீனுக்கு ஆக்சிஜன் வேணும். பேட்டரியில் ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம் கையில் இருக்கட்டும்.

வாராவாரம்: 15 லிட்டர் பழைய தண்ணியை எடுத்துட்டு, அதே அளவு புது உப்புத் தண்ணி. நடுவுல ஆவியாகி அளவு குறைஞ்சா, வெறும் ஆர்.ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க. ஆவியாகிறது தண்ணிதான், உப்பு உள்ளேயேதான் இருக்கும். எடுத்த உப்புத் தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க, செடி கருகிடும்.

மாச பட்ஜெட்டும், வாரத்தில் ஒரு மணி நேரமும் ஒதுக்க முடியுமான்னு வீட்டில் ஒரு தடவை பேசுங்க. முடியாதுன்னா நன்னீர்த் தொட்டியே நல்லது. அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஓடையில் விட்டுடாதீங்க

கடைசியா ஒண்ணு. ஆசை தீர்ந்ததும் 'பாவம், உயிராச்சே' என்று நீர்நிலையில் கொண்டுபோய் விடுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. கடல் மீன் செண்பகத்தோப்பு ஓடையில் கொஞ்ச நேரத்தில் செத்துடும். நன்னீர்த் தொட்டி மீன் சாகாது. பிரச்னையே அதுதான். 'டேங்க் கிளீனர்'னு நாம வாங்குற தென் அமெரிக்க மீன், இன்னைக்குத் தமிழ்நாட்டின் பல ஏரி, குளங்களில் பெருகி, நாட்டு மீன்களோட இடத்தைப் பிடிச்சு, மீனவர் வலையைக் கிழிச்சுட்டு இருக்கு. வளர்க்க முடியலைன்னா வாங்கின கடையிலோ, வளர்க்கிற நண்பர்கிட்டயோ கொடுங்க. ஓடை வேண்டாம்.

கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டியது மூணே கேள்வி: இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடிச்சதா? எந்தப் பண்ணை? பில் தருவீங்களா? பத்துப் பேர் கேட்டா கடைக்காரருக்குத் தொந்தரவு. ஆயிரம் பேர் கேட்டா, பண்ணை மீன் இல்லாமல் கடை நடத்த முடியாதுன்னு அவருக்கே தெரிஞ்சுடும்.

நாய்க்குட்டிக்குத் தாய் தகப்பன் கேட்கிற ஊர் நம்ம ஊர். மீனுக்கும் கேளுங்க!